சன்னாசி முடிக்காமல் விட்ட மூன்று அடி

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அடைமழையில் பெருவாக்குடி ஊர்த்தெருவில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கும், அதற்கப்புறம் அதே தெருவில் பிறந்த பத்துக் குழந்தைகளுக்கும் நெஞ்சுக்குள் பறை அடித்தது. இதயத் துடிப்பு கொஞ்சம் பலமாகக் கேட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வைக்கோல் நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலில் குச்சி விழுகிற அதே சத்தம், டண்டணக்கு டணக்கு டணக்கு என்று, சட்டையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, மூன்றாவது வீடு வரைக்கும் கேட்டது. டவுன் டாக்டர் காதில் மாட்டிய குழாயை வலி தாங்காமல் கழற்றிப் போட்டுவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முதல் வருஷம் ஊர்த்தெரு அதை மூடி மறைக்கப் பார்த்தது. குழந்தையை இரண்டு போர்வையில் சுற்றினார்கள், டிவியைச் சத்தமாக வைத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. அடுக்களையில் இருந்தபடியே பிள்ளை தூங்குகிறதா முழித்துக்கொண்டதா என்று அம்மாக்கள் சத்தத்தை வைத்துச் சொன்னார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறினால், பாடை வருகிறதென்று நினைத்து டிரைவர் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டுக் காத்திருந்தார், ஜனங்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அதனால் கண்டக்டர் இந்தப் பிள்ளைகளைக் கடைசி சீட்டில்தான் உட்கார வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் சாவு அடி கேட்கக் கூடாதென்று பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். சொந்த சித்தப்பா பெரியப்பா வீட்டிலேயே இவர்களுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, வாசலுக்கு வெளியே விளையாட்டு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர்களுக்குச் செய்து பழகிய கைகள் அல்லவா, சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும்போதும் அவை கூசவில்லை.

கான்வென்ட் வேன் இந்தப் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஊர்த்தெருவுக்குக் காலனியில் ஒரு பால்வாடி இருப்பது ஞாபகம் வந்தது. அந்தப் பால்வாடியில் டீச்சராக இருப்பவள் பவுனாம்பாள். வயது ஐம்பத்திரண்டு. காலனிக்காரி கிண்டுகிற சத்துமாவைத் தங்கள் பிள்ளை வாயில் வைக்கக் கூடாதென்று இருபது வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவர்கள், வேறு போக்கிடம் இல்லை என்றானதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவள் கை ஒரே நாளில் சுத்தமாகிப் போனது.

பவுனாம்பாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சாமான்கள்தான் சத்தமாக வைக்கப்படும். அன்றைக்குச் சத்துமாவுக் குண்டானை அவள் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சத்தத்தில் கூரையில் இருந்த காக்காய்கள் பறந்தன. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி எடை போட்டாள். முதலில் வந்தவன் பெரியவீட்டுக் கோதண்டத்தின் பேரன் தர்ஷன். தொங்குகிற எடைத் தராசில் அவனை உட்கார வைத்து, முள் நிற்கட்டும் என்று காத்திருந்தபோதுதான் அவள் முழுசாகக் கேட்டாள். அந்த அடி நாலு சுற்று சுற்றி வந்து, முடிக்கப் போகிற இடத்தில் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தது. நின்ற இடத்தில் என்ன வரவேண்டும் என்று அவள் நாக்குக்குத் தெரிந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, பதினாலு கிலோ இருநூறு என்று நோட்டில் எழுதினாள்.

அது அவள் அப்பா சன்னாசியின் அடி.

காலனிக்காரர்களுக்குப் பறையில் பதினெட்டு அடி தெரியும். சாமி புறப்பட, பெண் அழைக்க, நாற்று நட, ஏரியில் மீன் கலைக்க, சும்மா ஆடிக் களிக்க என்று பதினேழு அடி. அந்தப் பதினேழையும் ஊர்த்தெரு ஒருநாளும் கேட்டதில்லை. பதினெட்டாவதை, சாவு அடியை மட்டும், ஆள் அனுப்பிக் கேட்டது. கேட்டது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் காலனி கூடி, இனிமேல் ஊர்த்தெருச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த நாலாம் நாள், கோதண்டத்தின் தாயார் செத்துப்போனார். அப்போது இருபத்தேழு வயசு இளவட்டமாக இருந்த கோதண்டம் நாலு பேரோடு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சன்னாசியை எச்சில் கையோடு இழுத்துப்போய்க் கழுத்தில் பறையை மாட்டினார்.

சன்னாசி அடித்தார். பெரியவீட்டு வாசலில் தொடங்கிக் குளத்து முக்கு வரைக்கும் அடித்தார். சாவு அடிக்கு முடிப்பு என்று மூன்று அடி உண்டு. பாடை குளத்து முக்கில் திரும்புவதற்குள் அந்த மூன்றையும் போட்டு முடித்துவிட வேண்டும், முடிக்காமல் விட்ட அடி போகிற இடம் தெரியாமல் ஊருக்குள்ளேயே சுற்றும் என்பது பறை அடிக்கிறவர்களின் நம்பிக்கை. சன்னாசி அந்த மூன்று அடிக்கு முன்னால் நிறுத்தினார். பறையைக் கழற்றித் தரையில் வைத்து, தோலில் காலை வைத்துக் கிழித்தார். கோதண்டம் பாடை கட்டி மிச்சமிருந்த மூங்கிலை எடுத்து அவருடைய வலது மணிக்கட்டை உடைத்தார். தண்ணீர்க் குடத்தோடு அடிபம்பில் நின்ற ஒன்பது வயசுப் பவுனாம்பாள் எலும்பு உடைகிற சத்தத்தைக் கேட்டாள். அந்த வாரமே காலனிக்காரர்கள் தங்களிடம் இருந்த அத்தனை பறையையும் தாங்களே உடைத்துக் குளத்தில் போட்டார்கள். பெருவாக்குடியில் பறை அழிந்துபோய்விட்டது என்று பிறகு பத்திரிகையில் எழுதினார்கள். அழிந்துபோகவில்லை, நிறுத்தினார்கள். இந்த வித்தியாசம் எழுதுகிறவர்களுக்குப் புரிந்ததே இல்லை.

அதற்கப்புறம் சன்னாசி இடது கையால் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் பதினெட்டு அடியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, குச்சியைத் தொடவும் விடவில்லை. எதிரே உட்கார்ந்து சோறு போட்ட மகளுக்கு அது தானாக ஏறிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் அவர் செத்தபோது, ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போகக் கூடாது என்பதால், வயலில் இறங்கி இடுப்புச் சேற்றில் பாடையைத் தூக்கிப்போனார்கள். பறையும் இல்லை, சங்கும் இல்லை. உடைந்த பறையின் மரவளையம் ஒன்றை மட்டும் பவுனாம்பாள் குளத்திலிருந்து எடுத்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் ஆணியில் அது சும்மா தொங்கியது.

பிள்ளைகள் வளர வளர, அடி நின்றுபோகிற அந்த இடைவெளியும் வளர்ந்தது. சித்திரையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது ஆடியில் மூன்று மூச்சானது. மூத்தவன் தர்ஷன் என்பதால் அவனுக்குத்தான் அதிகம். ஒருநாள் அவள் மடியில் உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தவன், "டீச்சம்மா, இன்னொண்ணு" என்று கையை நீட்டினான், நீட்டிய கை அப்படியே நிற்க உதடு நீலம் பாரித்துக் கண் செருகிப் போனான். பவுனாம்பாளுக்கு அப்பாவும் மறந்துபோனார், மூங்கிலும் மறந்துபோனது. பிள்ளையை வாரி எடுத்து, நாற்பத்துமூன்று வருஷமாக வெளியே விடாத அந்த மூன்று அடியை அவன் காதில் வாயாலேயே சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. வாய் போதாது, தோலில் குச்சி விழ வேண்டும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. நெஞ்சு எப்படியோ தானாக மறுபடி அடிக்கத் தொடங்கி, பிள்ளை மூச்சு விட்டு அழுதபோது, அவளும் சேர்ந்து அழுதாள். அழுதுவிட்டோமே என்று அதற்கும் ஆத்திரப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து தட்டு, டம்ளர், சொம்பு எல்லாவற்றையும் இடி மாதிரி வைத்தாள். மகள் இலக்கியா டவுன் கல்லூரியில் கடைசி வருஷம். கல்லூரிப் பறைக்குழுவில் அம்மாவுக்குத் தெரியாமல் சேர்ந்திருந்தாள், அது அம்மாவுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

"என்னம்மா இவ்ளோ கோவம்?"

"செத்துப்போகட்டும்னு விட முடியல. அவன் என் மடியில ஒக்காந்து திங்கிறான். முடிச்சு வைக்கிறேன்னு போனா, எங்கப்பா எதைச் செய்யமாட்டேன்னு கைய ஒடைச்சுக்கிட்டாரோ அதை நானே போயிச் செய்யிறதாவும். கடவுள்னு ஒருத்தன் இருந்தா அவனும் அந்தத் தெருக்காரன்தான் போலருக்கு. தண்டனை அவங்களுக்குன்னான், வேலைய நமக்கு வச்சிருக்கான் பாரு."

"நான் அடிக்கிறேன்மா. எனக்குத் தெரியும்."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். எத வேணா அடி. அந்த அடிய அவங்களுக்காக அடிச்சே, தாத்தா கை இன்னொரு தடவ ஒடஞ்ச மாதிரி."

"அப்ப, கைய ஒடச்சாரே, அவரே முடிச்சு வைக்கட்டும்."

இலக்கியா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பவுனாம்பாள் கையில் இருந்த சொம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

பேரன் கண் செருகியதையும் டீச்சம்மா அவன் காதில் அடியைச் சொன்னதையும் கேள்விப்பட்டு, மறுநாள் கோதண்டம் பால்வாடிக்கு வந்தார். எழுபது வயசு, வெள்ளை வேட்டி. கூட ஒரு நாட்டுப்புறக் கலை நிறுவனத்துக்காரர். பதினோரு பிள்ளைகளின் நெஞ்சையும் பதிவு செய்து, பாரம்பரியம் ரத்தத்தில் ஊறியது என்று மாநாட்டில் கட்டுரை படித்துக் கைதட்டல் வாங்கியவர். சால்வை கொண்டுவந்திருந்தார்.

"பவுனு, இந்தா பாரு" என்றார் கோதண்டம், "இங்க ஒரு பயிற்சி மையம் வைக்கப் போறாங்க. நீதான் தலைமை ஆசிரியை. ஒங்க காலனிப் பசங்கள்ல ரெண்டு பேருக்குக் கத்துக்குடு, வந்து எம் பேரனுக்கு அந்த அடிய முடிச்சு விடட்டும். கலையும் வாழும், பிள்ளையும் பொழைக்கும்."

"ஒங்க மண்ணோட கலைம்மா இது" என்றார் நிறுவனத்துக்காரர். "அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டிய கடமை இருக்குல்ல?"

பவுனாம்பாள் சால்வையைப் பார்த்தாள். "கடமை எங்களுக்குத்தானா? அடிச்சப்பவும் எங்களுக்கு, நிறுத்துனப்பவும் எங்களுக்கு, இப்ப காப்பாத்துறதும் எங்களுக்கு. கை ஒடஞ்சும், சாகுற வரைக்கும் பன்னெண்டு வருஷம் பதினெட்டு அடியையும் வாயில வச்சுக் காப்பாத்துனவரு எங்கப்பா. அப்ப எங்க இருந்துச்சு இந்தச் சால்வை?" பிறகு கோதண்டத்தைப் பார்த்தாள். ஐயா என்றோ மிராசு என்றோ எந்தப் பேர் வைத்தும் அவள் அவரைக் கூப்பிட்டதில்லை, அன்றைக்கும் கூப்பிடவில்லை. "நான் சொல்லிக் குடுக்குறேன். ஆனா கத்துக்க வேண்டியது எங்க பசங்க இல்ல. நீங்க. சொந்தமாப் பறை வாங்கி, நீங்களே நெருப்பு மூட்டிக் காய்ச்சி, எங்கப்பாவுக்குப் பாடை கட்டி ஊர்த்தெரு வழியாக் கொண்டுபோயி, அது முன்னாடி நடந்து அடிச்சு, குளத்து முக்குல அந்த மூணு அடியையும் நீங்க போடணும்."

கோதண்டத்துக்கு முகம் சிவந்து காது வரைக்கும் ஏறியது. "யாருகிட்ட என்ன பேசுற!" என்று அவர் கை ஓங்கியது. ஓங்கிய கையை, பால்வாடிக்குள் பதினோரு நெஞ்சும் ஒரே நேரத்தில் அடித்து ஒரே இடத்தில் நின்ற அமைதி தடுத்தது. அவர் போய்விட்டார். நிறுவனத்துக்காரர் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

ஊர் முழுக்க இதே பேச்சுதான். டீக்கடையில் பாதிப் பேர் காலனிக்காரிக்குத் திமிர் என்றார்கள், மீதிப் பேர் பிள்ளை போனால் திமிரை வைத்து என்ன செய்வது என்றார்கள். அம்மாக்கள் வீட்டு ஆண்களுக்குச் சோறு போடுவதை மட்டும் நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை தர்ஷனுக்கு இடைவெளி ஏழு மூச்சு நீண்டது. திங்கட்கிழமை காலையில் கோதண்டம் புதுப் பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், காலனிக்குள் நடந்து வந்தார்.

பால்வாடியில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிள்ளைகள் உட்காருகிற சிவப்பு முக்காலியில் முட்டி காதைத் தொட உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டார். பவுனாம்பாள் பறையைத் தொடவில்லை. சத்துமாவைக் கிண்டியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னாள். முதல் நாள் முழுக்க நெருப்புக் காய்ச்சவே போயிற்று. அதிகம் காய்ச்சித் தோலைப் பொசுக்கினார், குறைவாகக் காய்ச்சித் தொளதொளவென்று அடித்தார், புகையில் கண் எரிந்து துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மழ நாள்ல, ஒங்க வாசல்ல, ஈர வைக்கோலைக் குடுத்துக் காய்ச்சச் சொல்லுவீங்களே" என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமல். "இப்ப காஞ்ச வைக்கோலுதான குடுத்திருக்கேன்."

இரண்டாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது. அவள் எடைபோடுகிற அறையில் இருந்த மருந்துப் பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள், மருந்து போட்டுவிடவில்லை. ஊர்த்தெரு ஆண்கள் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள், ஐந்தாம் நாள் பெஞ்சு கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். தர்ஷன் தாத்தாவின் எதிரே உட்கார்ந்து, "தாத்தா, தப்பா அடிக்கிற" என்று திருத்தினான். அவனுக்கு அது உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவன் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது. முடிப்பு மூன்றையும் தாத்தா அங்கே போட்டுப் பழகியபோது பிள்ளைகளின் இடைவெளி மாறவில்லை, அது பாடைக்கு முன்னால் குளத்து முக்கில் விழ வேண்டிய அடி.

எட்டாம் நாள் கோதண்டம் குச்சியைக் கீழே வைத்தார். "டீச்சர்" என்றார். அந்தப் பேரில் அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு... எனக்கு வயசு இருவத்தேழு."

"எனக்கு ஒம்பது" என்றாள் பவுனாம்பாள். "குச்சிய எடுங்க."

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி வெயிலில் காலனிக்காரர்கள் பாடை கட்டினார்கள். செத்தவர் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாலேயே மண்ணோடு மண்ணாகியிருந்தார், அதனால் ஆணியில் தொங்கிய மரவளையத்தைப் பாடையில் வைத்து, மாலை போட்டார்கள். நாலு பேர் தூக்கினார்கள். கோதண்டம் முன்னால் நடந்தார். பாடை காலனியை விட்டு, வயலில் இறங்காமல், தார் ரோட்டில் ஏறி, ஊர்த்தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன, அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், பதினோரு நெஞ்சும் கோதண்டத்தின் பறையோடு சேர்ந்துகொண்டது. எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது. கிழவர் வியர்வையில் நனைந்து, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். பெரியவீட்டைத் தாண்டும்போது அழுதார். அழட்டும் என்று பவுனாம்பாள் நினைத்தாள், இரக்கம் வரவில்லை, வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

குளத்து முக்கு வந்தது. நாலாம் சுற்று முடிந்தது. பிள்ளைகளின் நெஞ்சு நின்றது. தர்ஷனின் உதடு நீலமாகத் தொடங்கியது. கோதண்டத்தின் கையும் அந்தரத்தில் நின்றுவிட்டது. எட்டு நாளாகப் பழகிய மூன்று அடியும் மறந்துபோய், அவர் திரும்பிப் பவுனாம்பாளைப் பார்த்தார். ஊரே அவளைப் பார்த்தது. அவள் தர்ஷனைப் பார்த்தாள். பிறகு, கோபம் கொஞ்சமும் குறையாமல், அப்பா சோற்றுக் கவளத்துக்கு நடுவில் சொன்ன மாதிரியே சத்தமாகச் சொன்னாள். கிழவரின் வலது மணிக்கட்டு மூன்று தடவை விழுந்தது.

தர்ஷனின் நெஞ்சு அந்த இடத்தைத் தாண்டியது. மூன்று அடியையும் போட்டு, நிற்காமல், முன்னைவிடக் கணீரென்று முதலிலிருந்து தொடங்கியது. பதினோரு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அம்மாக்கள் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தார்கள். கோதண்டம் ரோட்டிலேயே உட்கார்ந்து பேரன் நெஞ்சில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"உயிரு பொழச்சுடுச்சு டீச்சர்" என்றார். "ஆனா சத்தம் நிக்கலையே?"

"நிக்கும்னு நான் சொல்லலையே."

"அப்ப இது எப்பவும் இருக்குமா?"

"இருக்கும். கல்யாணத்தப்பவும் இருக்கும். அவனுக்குப் புள்ள பொறந்தா அதுக்கும் இருக்கும். கடைசி சீட்டுல ஒக்காரச் சொன்னா எப்படி இருக்கும்னு அவன் ஒங்களுக்குச் சொல்லுவான், கேட்டுக்கங்க." அவர் நீட்டிய பறையை அவள் வாங்கவில்லை. "அது ஒங்களோடது. பதினெட்டுல ஒண்ணே ஒண்ணைத்தான் நீங்க எப்பவும் கேட்டீங்க, அந்த ஒண்ணை முழுசாக் குடுத்தாச்சு. இனிமே ஒங்க தெருவுல சாவு விழுந்தா நீங்களே காய்ச்சி, நீங்களே அடிச்சுக்கங்க. காலனிக்கு ஆள் வரக் கூடாது. மிச்சம் பதினேழு எங்களோடது."

மரவளையத்தை அவள் சுடுகாட்டுக்கு அனுப்பவில்லை. பாடையிலிருந்து எடுத்து, மாலையைக் கழற்றிக் குளத்தில் போட்டுவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே, ஊர்த்தெரு நடுவிலேயே, வீட்டுக்கு நடந்தாள்.

பத்து நாளில் இலக்கியா அந்த வளையத்துக்குப் புதுத் தோல் கட்டி வாங்கி வந்தாள். ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வீட்டு முன்னால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினாள். உள்ளே பவுனாம்பாள் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. கிழவர் அழுததும், பிள்ளை பிழைத்ததும், தெருவில் நடந்ததும் எல்லாம் சரிதான், ஆனாலும் அப்பா பன்னிரண்டு வருஷம் இடது கையால்தான் சாப்பிட்டார், அதை யாரும் மாற்றிவிட முடியாது. அவள் குண்டானை இறக்கி ணங்கென்று வைத்தாள். தட்டை எடுத்து ணங்கென்று வைத்தாள். சொம்பு, டம்ளர், கரண்டி. வெளியே இலக்கியா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு குச்சியை எடுத்து, அம்மா சாமான் வைக்கிற வேகத்துக்குச் சேர்ந்தபடி, பெண் அழைக்கிற அடியை அடிக்கத் தொடங்கினாள். பவுனாம்பாள் கையை நிறுத்தவில்லை. இன்னும் பலமாக வைத்தாள்.